நிறுத்தச் சொன்ன பாட்டு

நான் மனு எழுதுகிறவன். சங்கராபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடியில் மேஜை போட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பட்டா மாற்றவேண்டுமா, முதியோர் பணம் நின்றுவிட்டதா, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டானா, என் எதிரில் வந்து குந்தினால் போதும். அழுகையும் திட்டுமாக அவர்கள் கொட்டுவதையெல்லாம் வடிகட்டி, 'மேற்படி நபர்' என்றும் 'சமூகம் கருணை கூர்ந்து' என்றும் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்கிக் கொடுப்பேன். பெயர் இன்னாசி. ஊர், மூங்கில்துறைப்பட்டு போகிற ரோட்டில் இருக்கிறது. அங்கே எங்கள் மாதா கோயிலுக்கு நான்தான் உபதேசியார். சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தால் பெரிய விஷயம். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது, திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டுவது எல்லாம் என் தலையில்.

பாட்டுக் கட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொடியேற்றத்துக்கு ஒன்று, தேர் இழுக்க ஒன்று, புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பேனா மூடியைக் கழற்றினால் எதுகையும் மோனையும் வரிசையில் வந்து நிற்கும். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூற்றாறு மாசியில் என் மகன் அருளப்பன் செத்துப்போனான். மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் வாய்க்கால் திருப்பத்தில் கவிழ்ந்து, பாரம் மொத்தமும் அவன்மேல் சரிந்தது. இருபத்திரண்டு வயது. எங்களுக்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. பெண்ணை ரிஷிவந்தியத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒப்பாரி கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். எந்தச் சாமியாரும் அப்படிச் சொல்லவில்லை. ஏதோ ஒரு பிரசங்கத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, 'உயிர்ப்பை நம்புகிறவன் ஒப்பாரி வைக்கமாட்டான்' என்று நானே ஒரு வாசகம் கட்டினேன். மோனை நன்றாக விழுந்துவிட்டது, அதனால் எனக்கே அதன்மேல் பைத்தியம். சாவு வீட்டில் எந்தப் பெண்ணாவது வாயைத் திறந்தால் ஜெபமாலையை எடுத்து முன்னால் நீட்டுவேன். ராணியம்மாள் தன் தாய் செத்தபோது ஒரு வரி எடுத்தாள். நான் போட்ட அதட்டலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது எனக்கு அப்போது விசுவாசத்தின் வெற்றியாகத் தெரிந்தது. நாசமாய்ப் போன விசுவாசம்.

அப்புறம் ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே அருளப்பனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். என் பெண்டாட்டி உபகாரமேரி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா அவன் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள். அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறவள். எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு குரல். கூட்டம் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. ஊரை அடக்கினவன் தன் வீட்டில் என்ன செய்யப்போகிறான் என்று ராணியம்மாள் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. பாவம், அவள் அப்படிப் பார்த்திருக்கவே மாட்டாள். நான், "போதும், நிறுத்து" என்றேன். மேரி நிறுத்திவிட்டாள். நான் கணீரென்று கோயில் பாட்டு ஒன்றை எடுத்தேன். அடக்கம் முடிந்து போகும்போது அப்போதிருந்த சாமியார் என் தோளைத் தட்டி, என் விசுவாசம் பெரிது என்று சொன்னார். அதைக் கேட்க அந்த நேரத்திலும் நன்றாக இருந்தது.

அதன்பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. சோறு ஆக்குவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், கேட்டால் பதில் சொல்வாள். மகன் பெயரை எடுக்கமாட்டாள். நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவன் பிறக்கவே இல்லை என்பதுபோல மூன்று வருஷம் ஓட்டினோம்.

இந்த வருஷம் தவசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தொடங்கியதும் புதிதாக வந்த சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து ஆண்டவரின் சுரூபத்தை இறக்கி, மாதா சுரூபத்தின் காலடியில் கிடத்துவோம். அந்த நேரத்தில் ஒருவர் மாதாவின் புலம்பலைப் பாடுவது எங்கள் ஊர் வழக்கம். அதைப் புலம்பல் என்றுதான் சொல்வோம், ஒப்பாரி என்று சொல்லமாட்டோம். என் மூளையைப் பாருங்கள், மாதா அழலாம், மேரி அழக்கூடாது. பழைய புலம்பல் ரொம்ப காலத்துப் பாட்டு, யாருக்கும் அர்த்தம் புரியவில்லை, புதிதாக ஒன்று எழுதுங்கள் என்றார் சாமியார். முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்குள் இருந்த நாய் வாலை ஆட்டிவிட்டது. சரி சாமி என்றேன். அவரும் அடுத்த ஞாயிறே பூசையில் அறிவித்துவிட்டார்.

இரண்டு வாரம் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் மனுவாக வந்தது. 'தாயே, தங்கள் திருமகன் மேற்படி சிலுவையில்' என்கிற கணக்கில் நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். போய் என் நிலைமையைச் சொன்னதும் சாமியார் சிரிக்கவில்லை. கல்வராயன் மலையில் கன்னியர்கள் நடத்துகிற தியான வீடு ஒன்று இருக்கிறது, மூன்று நாள் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்றார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையில் இறங்கினேன். அங்கிருந்து இரண்டு மைல் நடை. சாமை அறுத்த வெறுங்காடு, நடுவில் கடுக்காய் மரங்கள், ஓட்டுக்கட்டடம் ஒன்று. என்னோடு சேர்த்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். தியானம் நடத்துகிறவர் சிஸ்டர் ஆனந்தமேரி. என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். நாற்பது வருஷமாக ஜெபம் சொல்கிறவனுக்கு இந்தப் பெண் என்ன சொல்லித்தரப்போகிறது என்று எனக்கு முதல் எரிச்சல். மூன்று நாள் பேசக்கூடாது என்றதும் இரண்டாவது எரிச்சல்.

முதல் நாள் காலை எங்களைப் பாயில் உட்காரவைத்து சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான். கடவுளிடம் எதுவும் கேட்கவேண்டாம், மூன்று நாளைக்கு மனு போடுவதை நிறுத்திவையுங்கள். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நற்செய்தியில் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் நில்லுங்கள் என்றார். தரை சுடுகிறதா, யார் யார் நிற்கிறார்கள், என்ன வாசனை வருகிறது என்று பாருங்கள். நீங்களாக எதையும் ஜோடிக்காதீர்கள். என்னைப் பார்த்து, இது உங்கள் பெயருக்குச் சொந்தக்காரரான புனிதர் இன்னாசியார் காட்டின வழி என்றும் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். அதை மட்டும் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"வர்றது வரட்டும். வர்றது உங்களுக்குப் புடிக்காததா இருந்தாலும் தொரத்திடாதீங்க."

முதல் நாள் இடுப்பு வலித்தது. கண்ணை மூடினால் மேஜையும் கார்பன் பேப்பரும் வந்தன. சிலுவையடியில் நிற்கப் பார்த்தேன், காலண்டர் படம்தான் தெரிந்தது. அந்தப் படத்துக்கு நான் அடி அடியாக வரி கட்டிக்கொண்டிருந்தேன். ஜோடிக்காதே என்றால் என் கை கேட்டால்தானே.

இரண்டாம் நாள் மத்தியானம் களைத்துப்போய் கட்டுவதை விட்டேன். பாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உட்கார்ந்திருப்போம் என்று ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கரும்புச் சோகை வாசனை வந்தது. மலையில் ஏது கரும்பு. விரட்டப் பார்த்தேன், சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். தரை ஈரமாக இருந்தது. கல்வாரி என்று நான் நினைத்த இடம் எங்கள் வாய்க்கால் திருப்பமாக இருந்தது. அங்கே ஒரு தாய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அவள் வாய் திறந்து பாடினாள்.

ஒத்த மழ பேஞ்சாலே ஓடியாந்து நின்னவனே
ஊரு மழ பேயுதடா ஒன்ன மட்டும் காணலியே
சோத்துல கைய வெச்சா சொல்லாம வந்தவனே
சோறு வடிச்சுவெச்சேன்

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்துவிட்டது, ஆண்டவரே, வந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஓர் ஆள், "போதும், நிறுத்து" என்றான். பாட்டு நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்த பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளைப் பார்த்து நிறுத்து என்கிற சண்டாளன் எவன் என்று திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் ஜெபமாலை. நான்தான்.

எழுந்து வெளியே ஓடி, கடுக்காய் மரத்தடியில் குந்திவிட்டேன். மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் கழித்து சிஸ்டர் வந்து எட்டத்தில் நின்றார். பேசக்கூடாது என்கிற விதியை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை மனைவியிடம்கூடச் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முடிவில், பாட்டு வந்தது சிஸ்டர், ஆனால் பாதிதான் வந்தது என்றேன். மீதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அவர் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு பட்ட பிறகும் புத்தி எங்கே போகிறது பாருங்கள். இறங்கி வருகிற பஸ்ஸில் என் மனசு பாட்டைத்தான் நினைத்தது. நான்காவது வரியை நானே முடித்துப் பார்த்தேன். 'சோறு வடிச்சுவெச்சேன், சோதியாய் எழுந்தருள்வாய்' என்று ஒன்று கட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்த ஆள் நான் முணுமுணுப்பதைக் கேட்டுத் தள்ளி உட்கார்ந்தான். அவன்மேல் தப்பில்லை. அந்த வரி எனக்கே குமட்டியது. மேரியிடம் மீதியைக் கேட்டு வாங்கி, பெரிய வெள்ளிக்குப் பாடிவிட்டால் அவளுக்கும் ஓர் ஆறுதல் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

அவள் பின்வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, மலையில் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த அந்த மூன்றரை வரியையும் சொன்னேன். கீரை உருவின கை நின்றது. அன்றைக்கு அதற்குமேல் என்ன பாட இருந்தாய், ஞாபகம் இருந்தால் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

பெரிய வெள்ளிக்கு, மாதா புலம்பலுக்கு என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என்னை ஒருநாளும் நீ என்று சொன்னவள் இல்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"மாதா புள்ளைக்கு அழ ஊரே இருக்குது. வருசா வருசம் அழுவுது. என் புள்ளைக்கு அழ நான் ஒருத்திதான் இருந்தேன். என் வாய நீ மூடின. இப்ப அதையும் எடுத்துக்கினு போய்க் கோயில்ல பாடி நல்ல பேரு வாங்கப் போறியா?"

மீதிப் பாட்டு உள்ளே இருக்கிறதோ செத்துவிட்டதோ தனக்கே தெரியாது, இருந்தாலும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து பழையபடி வாங்க போங்க என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ என்று திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

சாமியாரிடம் போய்ப் பாட்டு வரவில்லை என்றேன். பரவாயில்லை, பழையதையே பாடுங்கள் என்றார். சரி என்று வந்துவிட்டேன். பெரிய வெள்ளிக்கு மிச்சமிருந்த பத்து நாளும் விடிகாலையில் எழுந்து, சிஸ்டர் சொன்னபடி பாயில் உட்கார்ந்தேன். பாட்டுக்காக இல்லை. அந்த இடத்துக்கே போய் நின்றேன். ஒவ்வொரு நாளும் அவள் பாடினாள், ஒவ்வொரு நாளும் நான் நிறுத்தச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. நடந்தது நடந்ததுதான், தியானத்தில்கூட அதை மாற்ற விடமாட்டேன் என்கிறார் ஆண்டவர். ஆனால் பத்தாம் நாள் முதல்தடவையாக அந்தத் தாயின் மடியில் கிடந்தவன் முகம் தெரிந்தது. அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. சவப்பெட்டிக்குள் வைக்கும்போதுகூடப் பாட்டுப் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்துக்கு மேலே மண் ஒட்டியிருந்தது.

பெரிய வெள்ளி மத்தியானம் இரண்டரை மணி. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டேன். மூன்று மணிக்குச் சடங்கு. அன்றைக்குக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மேரி அடுப்படியில் இருந்தாள். உபவாசம் விடுவதற்குக் கஞ்சி காய்ச்சி இறக்கிவைத்துவிட்டு, கூடவே புறப்பட முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டைச் சத்தம் கேட்டது. நேரமாகுதுங்க என்றாள். நான் வாசல்படிவரை போனேன். கால் அதற்குமேல் போகவில்லை.

திரும்பி வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். மேரி என்ன ஆச்சு என்று கேட்டாள். அவன் புருவத்துக்கு மேலே மண் இருந்தது, நான் துடைத்துவிடவில்லை என்றேன். நான் பாட ஆரம்பித்தேன். பாடவேண்டும் என்று நினைத்து ஆரம்பிக்கவில்லை. ஆம்பிளை ஒப்பாரி வைத்து எங்கள் பக்கம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கோயில் பாட்டையெல்லாம் கணீரென்று பாடுகிற குரல் நாராகக் கிழிந்தது. ஒத்த மழ பேஞ்சாலே என்று எடுத்தேன். ராகம் எங்கெங்கோ போயிற்று. மூன்றாவது வரி முடித்து, 'சோறு வடிச்சுவெச்சேன் சொல்லாமப் போனியடா' என்று வாயில் வந்ததைப் பாடி, மேலே தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் முட்டினேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்பிடி இல்ல" என்றாள் மேரி.

என் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

"சோறு வடிச்சுவெச்சேன் சூடாறிப் போவுதடா."

அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது. தலைமுடி அவிழ்ந்து விழுந்தது, மார்பில் அடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் உள்ளே கிடந்தது அவ்வளவும் வந்தது. அவன் பால்குடி மறந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஓடி ஒளிந்தது, முதல் கூலியில் அவளுக்கு வாங்கிவந்த சேலை, நான் அவனைச் செருப்பால் அடித்த நாள், எல்லாம் வந்தது. என்னையும் வைத்தாள் அதில், பெயர் சொல்லியே வைத்தாள், நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்த வரிகளை இங்கே எழுதமாட்டேன். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

கோயிலில் கட்டை இரண்டாம் தடவை தட்டினார்கள். எனக்காகக் காத்திருப்பார்கள். பழைய புத்தகம் இருக்கிறது, எவனாவது பாடுவான். அவளுக்குப் பின்பாட்டுப் பாட ஆள் இல்லாததால் ஒவ்வொரு வரி முடிவிலும் நான் ஆவென்று இழுத்தேன். அது தப்பாக இருந்திருக்கும், ஆனால் அவள் திருத்தவில்லை.

வெளியே ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் வேதத்தில் சேராத பின்தெரு சின்னப்பொண்ணு, வயலில் களை எடுத்த கையோடு, சேறு காயாத காலோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் எந்த வீடு என்று பார்க்காமல் ஓடிவருகிறவர்கள். சின்னப்பொண்ணு மேரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீட்டுக்குள் பிணத்தைத் தேடினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாருங்க உபதேசியாரே? யாரு தவறிட்டாங்க?"

"எங்க அருளப்பன்மா" என்றேன். "டிராக்டர் கவுந்து போய்ட்டான்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் கொண்டையை அவிழ்த்துவிட்டு, மேரியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.